துண்டு போட்ட எழுத்துகள்

அத்தியாயம் 7

குளிர்பதனக் கிடங்கின் கேட் மேஜையில் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்ததும், இதை இன்னும் ஏன் புதைக்காமல் வைத்திருக்கிறார்கள் என்றுதான் தந்திக்குத் தோன்றியது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. படம் கிடையாது, மவுஸ் கிடையாது. சும்மா இருக்க முடியாமல் வாயையும் திறந்துவிட்டான்.

"அண்ணி, நான் பள்ளிக்கூடம் போறப்பவே இது ரிட்டயர் ஆகியிருக்கணுமே."

"வாயை மூடிட்டு வா. ஒரு ஆள் செத்த இடம் இது."

ஒரு வார்த்தையில் முடிகிற விஷயத்தை ஊர் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் முடிப்பான் என்பதால் அவனுக்குத் தந்தி என்று பெயர் வைத்திருந்தார்கள். அண்ணி அவனுடைய சொந்த அண்ணன் மனைவி. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெயிம்களைப் பிடிக்கிற வேலையில் இருந்தவள், ஒருநாள் முதலாளியின் மச்சினன் கொடுத்த க்ளெயிமையே பிடித்துக் கொடுத்தாள். அதற்கு மறுநாளிலிருந்து சொந்தத் துப்பறியும் ஆபீஸ்தான். தந்தி அவளுக்கு டிரைவர், உதவியாளன், அவ்வப்போது தலைவலி. அவன் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டே, இப்போது போலீஸ்காரர்கள்கூட அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

போன வாரம் இந்தக் கிடங்கில் நடந்தது இதுதான். சுமை தூக்குகிற ஒருவர் பெரிய குளிர் அறைக்குள் இருக்கும்போதே வெளியே கதவைப் பூட்டிவிட்டார்கள். காலையில் திறந்தபோது மீன் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தபடியே விறைத்துக் கிடந்தார். உள்ளேயிருந்து திறக்கிற கைப்பிடி பனியில் இறுகிப் பல மாதம் ஆகியிருந்தது. அதைப் பற்றி மட்டும் அங்கே யாரும் பேசவில்லை.

"எங்க ரூல் ரொம்ப கரெக்ட் மேடம்," என்றார் மேனேஜர். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை, பேச்சில் ஒரு வருத்தமும் இல்லை. "சிஸ்டம் பையன் உள்ள போய் ஒரு ரவுண்ட் பார்ப்பான். வந்து இந்த மேஜையில உட்கார்ந்து ஒரு வரி அடிப்பான். கதவுக்கு மேல தொங்குற ஸ்கிரீன்ல அது பெருசா வரும். உள்ளே ஆள் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் ஆளுங்க தாழ்ப்பாள் போடுவாங்க."

"அன்னைக்கு அந்த வரி வந்ததா?"

"வந்துச்சே. அதானே விஷயம். பார்க்காமலே அடிச்சுட்டான்."

அவர் ஒரு பிரிண்ட் தாளை நீட்டினார். தந்தி எட்டிப் பார்த்தான். வெறும் நட்சத்திரக் குறிகளை அடுக்கி அடுக்கி, கோலி அளவு எழுத்துகளால் குதிரை அளவு எழுத்துகளைக் கட்டியிருந்தார்கள். உள்ளே ஆள் இல்லை. தூரத்தில் வைத்துப் பார்த்தால் எழுத்து. மூக்குக்கிட்ட வைத்துப் பார்த்தால் எறும்புக் கூட்டம்.

"இந்த ஸ்கிரீன்ல எழுத்து ஒரே சைஸ்தான் வரும், பொடிசா," என்றார் மேனேஜர். "தூரத்துல இருக்கறவனுக்குத் தெரியாது. அதனால பையன் தானா இப்படி ஒரு ஃபாண்ட் செஞ்சான். கெட்டிக்காரன்தான், இல்லைங்கல."

"அண்ணி, உ-வோட வயித்துக்குள்ள பாருங்க. டாலர் குறி. அந்த ஆ-வுலயும் ரெண்டு கிடக்கு. நல்லா சாப்பிட்டிருக்கு எழுத்து."

மேனேஜரின் முகம் மலர்ந்தது. "சரியா பிடிச்சீங்க தம்பி. அதுதான் அவன் கைரேகை. அவனோட ஃபாண்ட் ஃபைலைத் திறந்து பார்த்தோம். ஒவ்வொரு எழுத்துக்குள்ளயும் டாலர் இருக்கு. எழுத்து அவனுது, டாலர் அவனுது, அப்ப வேலையும் அவனுது. மதியம் இன்ஸ்பெக்டர் வரார். ஒப்படைச்சுட்டா எங்க பொறுப்பு முடிஞ்சது."

"அப்ப கதவோட கைப்பிடி யாரு பொறுப்பு?" என்று கேட்டாள் அண்ணி.

மேனேஜர் தாளை வாங்கி மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

வெளியே எடை மேடைக்குப் பக்கத்து பெஞ்சில் பையனின் அம்மா உட்கார்ந்திருந்தாள். இவர்களை அமர்த்தியவள் அவள்தான். மடியில் ஒரு டிபன் கேரியர், காலையிலிருந்து திறக்காமலே இருந்தது. பக்கத்தில் அவளுடைய மூத்த மகள். இதே கிடங்கில் கேட் கிளார்க். சம்பவத்தின்போது தான் சீட்டில் இல்லை என்று ஏற்கெனவே சொல்லிவிட்டதால், அவளை யாரும் மறுபடி தொந்தரவு செய்யவில்லை.

அம்மா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்படியாவது எம் பையனை வெளிய கொண்டு வந்துடும்மா. ஜெயிலுக்குப் போனா அவன் திரும்பி மனுஷனா வரமாட்டான். அவனுக்குப் பொய் சொல்லவே வராதும்மா. சின்ன வயசுலேருந்து அப்படித்தான்."

"பார்க்கலாம்மா. மதியத்துக்குள்ள ஏதாவது கிடைக்குதான்னு பார்க்கிறேன்."

மகள் தலை குனிந்துகொண்டு கேரியரின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

பையனைக் காவலாளிகளின் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். பையன் என்று எல்லோரும் சொன்னாலும் மீசையும் கவலையும் முற்றிய ஆள். ஒடிசலான உடம்பு. விரல்கள் மட்டும் மேஜை விளிம்பில் எதையோ அடித்துக்கொண்டே இருந்தன.

"நான் அப்ப கம்ப்ரெஸர் ரூம்ல இருந்தேன் மேடம். ரவுண்ட் இன்னும் போகவே இல்ல. வந்து பார்த்தா கதவு பூட்டியிருக்கு. யாரோ பார்த்துட்டுப் பூட்டிட்டாங்கன்னு நினைச்சு வீட்டுக்குப் போயிட்டேன்." அவன் நிறுத்தினான். "ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கலை. அதை நினைச்சா சோறு இறங்க மாட்டேங்குது."

"அந்த வரியை அடிச்சது நீங்க இல்லையா?"

"இல்ல. தாளைக்கூட எனக்குக் காட்டலை. உன் ஃபாண்ட்ல வந்திருக்குன்னு மட்டும் சொல்றாங்க. என் ஃபாண்ட்னா என் ப்ரோகிராம் வழியா வந்திருக்கணும். ப்ரோகிராமுக்கு என் பாஸ்வேர்ட் வேணும். அது என்கிட்ட மட்டும்தான் இருக்கு. அப்ப எப்படி வரும்னு எனக்கே புரியல."

"இவரு நமக்கு சாதகமா பேசறாரா, பாதகமா பேசறாரா?" என்று தந்தி முணுமுணுத்தான்.

அண்ணி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வச்சுக்கோங்க. ஃபாண்ட்னா என்ன? எழுத்தோட உருவம்தானே?"

அதுவரை தொங்கிக்கிடந்த அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தன் வேலையைப் பற்றி யாரும் அவனிடம் கேட்டதே இல்லை போலிருக்கிறது.

"உருவம் மட்டும் இருந்தா அது படம் மேடம். ஃபாண்ட்னா உருவமும் இருக்கணும், பக்கத்து எழுத்தோட எப்படி உட்காரணும்கிற சட்டமும் இருக்கணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் ஃபாண்ட். என் ப்ரோகிராம் எழுத்துகளை ஒண்ணோட ஒண்ணு நெருக்கித் தள்ளும், இடம் மிச்சமாகணும்ல. எங்க வெத்து இடம் இருந்தாலும் பக்கத்து எழுத்து உள்ள புகுந்துடும். ஆனா எழுத்தோட வயித்துல இருக்கற வெத்து இடமும் எழுத்துல சேர்த்திதானே? அது போச்சுன்னா எழுத்தே போச்சு. அதனால அங்கங்க ஒரு டாலர் குறி போட்டு வைப்பேன். இது காலி இல்ல, யாரும் வராதேன்னு."

"பஸ்ல ஜன்னல் வழியா சீட்டுக்குத் துண்டு போடற மாதிரி," என்றான் தந்தி.

"அதேதான். கடைசியில எல்லா எழுத்தும் உட்கார்ந்ததும் ப்ரோகிராம் துண்டை எடுத்துடும். அந்த இடம் வெறும் வெள்ளையா நிக்கும். பார்க்கறவங்களுக்கு துண்டு இருந்ததே தெரியாது."

அண்ணி தந்தியைத் திரும்பிப் பார்த்தாள். தந்தி அன்றைக்கு முதல்முறையாகப் பேசாமல் இருந்தான்.

"வேற ஏதாவது மாத்தினீங்களா இதுல?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"முதல்ல மெய்யெழுத்துப் புள்ளியை ஒத்தை நட்சத்திரமா வச்சிருந்தேன். தூரத்துல நின்னா கண்ணுக்கே தெரியலை. அப்புறம் நாலு நட்சத்திரமாக் கட்டி, பொட்டு மாதிரி பெருசாக்கினேன். அதுக்கப்புறம்தான் இங்க ஏத்தினேன். இதையெல்லாம் எதுக்குக் கேட்கறீங்க?"

"சும்மா. தெரிஞ்சுக்கத்தான். பாஸ்வேர்டை மட்டும் கொஞ்சம் சொல்றீங்களா?"

கேட் மேஜைக்குத் திரும்பி வந்து, அந்தப் பழைய கம்ப்யூட்டரில் அண்ணி அதே வரியை ப்ரோகிராம் வழியாக அடித்தாள். கதவுக்கு மேலே எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. உள்ளே ஆள் இல்லை. தூரத்தில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவர்கள் நின்று, மேலே பார்த்து, அவசரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் அதை இனி ஒருநாளும் நம்பப்போவதில்லை.

ஒரு டாலர்கூட இல்லை. வயிறுகள் எல்லாம் சுத்தமாக இருந்தன.

"அண்ணி, மேனேஜர் தாள்ல துண்டு சீட்டுலயே கிடந்துச்சே."

"ஆமா. அப்ப ப்ரோகிராம் ஓடலை. ஃபாண்ட் ஃபைலைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தா பச்சையா எடுத்துப் பக்கத்துல பக்கத்துல ஒட்டியிருக்காங்க. டாலர் எதுக்குன்னு தெரியாத ஆள். ஃபாண்டைச் செஞ்சவன் அப்படி விடவே மாட்டான். அந்தாளு அவன் கைரேகைன்னு சொன்னாரே, அதுதான் அவன் இல்லைங்கறதுக்கு சாட்சி."

"மேனேஜர்தான். நான் முதல்லயே சொன்னேன். சட்டையைப் பார்த்தீங்களா? அந்த மாதிரி இஸ்திரி போடறவன் யாரையும் நம்பவே கூடாது."

"நீ முதல்ல ஒண்ணும் சொல்லலை."

"மனசுக்குள்ள சொன்னேன்."

அண்ணி சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு நட்சத்திரம் சேர்த்துக் கட்டிய புள்ளிகள் பொட்டு வைத்ததுபோல் மினுமினுத்துக்கொண்டிருந்தன. "அந்தத் தாள்ல புள்ளி எப்படி இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். தந்திக்கு டாலர்தான் ஞாபகம் இருந்தது. அவள் திரையில் இருந்த வரியை அப்படியே பிரிண்ட் எடுத்துக்கொண்டாள்.

மதியம் மேனேஜர் அறையில் விசாரணை. இன்ஸ்பெக்டர் நாற்காலியை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையனைச் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். அம்மா கதவருகில், மகள் அவளுக்குப் பின்னால். மகளை சாட்சி என்று கூப்பிட்டிருந்தார்கள்.

அண்ணி துண்டுக் கதையைச் சொன்னாள். ப்ரோகிராமில் அடித்த புதுத் தாளையும் மேனேஜரின் தாளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இன்ஸ்பெக்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் காதைச் சொறிந்தார்.

"ஃபாண்டோ என்னமோ, எழுத்து ஒரே மாதிரிதான இருக்கு?"

"ஒரே ஆளோட எழுத்துதான் சார். ஆனா போட்டது வேற ஆள். நீங்க என் சமையலறையிலேருந்து மாவை எடுத்துட்டுப் போய் அப்படியே தட்டுல கொட்டினா, அது நான் சமைச்சதாகாது."

"கையால எடுத்து ஒட்டினதும் இவனா இருக்கலாமே," என்றார் மேனேஜர்.

"ஒரு வரி அடிச்சா ப்ரோகிராம் எல்லாத்தையும் பண்ணிக் குடுக்கும். பாஸ்வேர்டும் கையில இருக்கு. எதுக்கு சார் உட்கார்ந்து ஒட்டுவான்? இன்னொண்ணு. புள்ளியைப் பாருங்க. இங்க இருக்கற ஃபைல்ல புள்ளி பெருசு. உங்க தாள்ல ஒத்தை நட்சத்திரம். அது பழைய ஃபைல். இவன் அதை இந்தக் கிடங்குல ஏத்தவே இல்ல."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேனேஜரின் சட்டையில் முதல் சுருக்கம் விழுந்தது. தந்திக்கு உள்ளுக்குள் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

"அதனால பழைய ஃபைல் யாருகிட்ட இருக்கோ, இதைப் போட்டது அவங்கதான்," என்று அண்ணி பையனிடம் திரும்பினாள். "சொல்லுங்க. பழைய ஃபைலை யாருக்காவது குடுத்தீங்களா?"

அவன் மேஜையில் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் அதை முதல்முறையாகப் பார்க்கிறான். ஒத்தைப் புள்ளிகள். வயிற்றில் டாலர்கள். அவன் முகத்திலிருந்த ரத்தம் எங்கேயோ போய்விட்டது.

"யோசிச்சு சொல்லுங்க."

அவனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை என்று நினைத்து, அம்மா சந்தோஷமாக முன்னால் வந்தாள்.

"ஏன்டா மரமாட்டம் நிக்கற? நான் சொல்றேன் சார். பாப்பாவோட பிறந்த நாளைக்குப் பேரு போட்டு ஒட்டணும்னு அக்கா கேட்டப்ப குடுத்தானே. அவ கம்ப்யூட்டர்ல ப்ரோகிராம் என்னமோ ஓடலைன்னு, அவளே ஒவ்வொரு எழுத்தா எடுத்து ஒட்டி, டாலர் கூட பூ மாதிரி நடுவுல நடுவுல... சுவத்துல இப்பவும் இருக்கு சார், வேணும்னா வந்து..."

நின்றுவிட்டாள்.

சொன்னது என்னவென்று அவளுக்கே அப்போதுதான் கேட்டது. பின்னால் திரும்பி மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள்.

"நான்தான் சார் போட்டேன்," என்றான் பையன்.

"தம்பி," என்றாள் அண்ணி.

"நான்தான் மேடம். பழைய ஃபைல் என்கிட்டயும் இருக்கு. அன்னைக்கு ப்ரோகிராம் மாட்டிக்கிச்சு. லாரி நின்னுது. கையால ஒட்டினேன். உள்ள பார்க்கலை." சொல்லச் சொல்ல அவன் குரல் சீராகிவிட்டது. பொய் சொல்ல வராதவன் இத்தனை ஒழுங்காகச் சொன்னான்.

இன்ஸ்பெக்டர் அம்மாவைப் பார்த்தார். "என்னம்மா, அக்கா வீட்டுச் சுவர்னு என்னமோ சொன்னீங்களே?"

அம்மா சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்ல சார். எங்க வீட்டுல, இவன் அறையில. தப்பா சொல்லிட்டேன். வயசாகுது."

மேனேஜர் பேனாவின் மூடியைக் கழற்றி, பையனிடம் மரியாதையாக நீட்டினார். வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்கு அங்கே மரியாதை கிடைத்தது. அவன் வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

வராண்டாவில் அண்ணி அந்தத் தாயை மறித்து நின்றாள். கோபம் வந்தால் அண்ணியின் குரல் தாழ்ந்துவிடும். இப்போது கிட்டத்தட்டக் கேட்கவே இல்லை.

"என்னை எதுக்கும்மா கூப்பிட்டீங்க?"

"விட்டுடும்மா."

"உங்க பையன் செய்யலை. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அவளுக்கு ரெண்டும் சின்னப் பிள்ளைங்க. புருஷனும் சரியில்லை. அவ உள்ள போனா அதுங்க தெருவுல நிக்கும். இவனுக்கு யாரு இருக்கா?"

"நீங்க இருக்கீங்களேம்மா," என்றான் தந்தி. கிண்டலாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவள் அறை வாங்கியவள்போல அவனைப் பார்த்தாள்.

"செத்தவருக்கும் வீடு வாசல் இருக்கு," என்றாள் அண்ணி. "அவர் பொண்டாட்டிக்கு யாரு பூட்டினாங்கன்னு தெரிய வேண்டாமா? அந்தக் கைப்பிடியை ஏன் சரி பண்ணலைன்னு கேட்க வேண்டாமா? நான் எழுதிக் குடுக்கத்தான் போறேன்."

"எழுதிக்கோ. அவன் இல்லைன்னு சொல்லுவான். நானும் இல்லைன்னு சொல்லுவேன்." டிபன் கேரியரை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, அவள் மகனை ஏற்றியிருந்த ஜீப்பை நோக்கி நடந்தாள். பெற்றவள்தான். ஆனாலும் அந்த நடையைப் பார்க்கத் தந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மிச்சமிருந்த சாட்சி ஒன்றே ஒன்று. அது ஒரு வீட்டுச் சுவரில் இருந்தது. இருவரும் கேட்டுக்குப் போனார்கள்.

மகள் தன் சீட்டில் உட்கார்ந்து லாரிக்காரனுக்கு அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் போகும்வரை அண்ணி காத்திருந்தாள்.

"உங்க தம்பி ரவுண்ட் முடிச்சு வர நேரமாகும். லாரிக்காரங்க கத்துவாங்க. அதுக்காக அந்த வரியை வீட்டுலயே ஒட்டி, இந்தக் கம்ப்யூட்டர்ல கொண்டு வந்து முன்னாடியே ரெடியா வச்சிருந்தீங்க. எத்தனையோ நாள் போட்டிருக்கீங்க, ஒரு நாளும் தப்பாகலை. சரியா?"

மகள் சீட்டுக் கட்டைத் தட்டி நேராக்கினாள். "அந்த டாலரை அழகுக்குப் போட்டிருக்கான்னு நினைச்சேன்," என்றாள்.

"இப்பக்கூட நேரம் இருக்கு. ஜீப் இன்னும் கிளம்பலை. போய் ஒரு வார்த்தை சொன்னா போதும்."

அவள் ஜீப் பக்கம் பார்த்தாள். அம்மா கேரியரைத் திறந்து, ஜன்னல் கம்பி வழியாக மகனுக்கு ஒரு வாய் ஊட்டிக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டு மகள் திரும்பிக்கொண்டாள்.

"சரி," என்றாள் அண்ணி. "உங்க வீட்டுச் சுவத்துல இருக்கறதை நாங்க வந்து பார்க்கணும். இப்பவே."

"அது இல்ல. காலையிலயே கிழிச்சுட்டேன்."

தந்தி ஏதோ சொல்ல வந்தான். அண்ணி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பாப்பா ஒரே அழுகை," என்றாள் மகள், அடுத்த லாரிக்கான சீட்டை எடுத்துக்கொண்டே. "மாமா வந்து வேற அடிச்சுத் தருவான்னு சொல்லித்தான் ஸ்கூலுக்கு அனுப்பிட்டு வந்தேன்."